65,461,032: பெரிய எண் ஒன்றைப் பிரித்து ஆராய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

எட்டு இலக்க எண் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, "இதைப்பற்றி என்னவெல்லாம் சொல்ல முடியும்?" என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளைகளில் அநேகர் உடனே 2 ஆல் வகுக்கத் தொடங்குவார்கள். தொடக்கத்தில் பிழை இல்லை. அதன் பிறகுதான் ஒழுங்கு குலைகிறது. காரணிப்படுத்தலைப் பாதியில் விட்டுவிட்டுக் காரணிகளை எண்ணுவார்கள். ஈவை வகுக்க வேண்டிய இடத்தில் பழைய எண்ணையே மறுபடி வகுப்பார்கள். "இனி ஒன்றாலும் வகுபடாது" என்று கண்ணால் பார்த்தே முடிவு கட்டுவார்கள்.

இங்கே 65,461,032 என்ற ஒரே எண்ணை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறேன். இதை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். பார்வைக்குச் சாதுவாக இருக்கும்; ஆனால் புதிதாகச் செய்பவர் வழமையாகச் சறுக்கும் இடங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. ஒழுங்கை மட்டும் மாற்ற வேண்டாம். முதன்மைக் காரணிகள் முழுவதும் கைக்கு வரும்வரை மற்ற எந்தக் கேள்விக்கும் போகக் கூடாது, ஏனென்றால் மற்ற விடைகள் அனைத்தும் அதிலிருந்துதான் வருகின்றன.

1. தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை

சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று. ஒரு சதுரத்துக்கு ஓர் இலக்கம். நீள்வகுத்தலில் வரும் பிழைகளில் பாதி கணக்குத் தெரியாமல் வருவதில்லை. இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நேராக நில்லாததால் வருகின்றன.

100 வரையான முதன்மை எண்களின் (பகா எண்களின்) பட்டியல் ஒன்று. மொத்தம் 25: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. மனத்திலிருந்து எழுதுபவர்கள் 51, 57, 87, 91 ஆகியவற்றையும் சேர்த்துவிடுவது வழக்கம். 51 என்பது 3 × 17; 57 என்பது 3 × 19; 87 என்பது 3 × 29; 91 என்பது 7 × 13. எழுதி முடித்ததும் 25 இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

கணிகருவி இருந்தால் நல்லது, ஆனால் அதன் திரையில் எத்தனை இலக்கம் தெரியும் என்று முதலில் பாருங்கள். சந்தைக் கடைகளில் மேசைமேல் கிடக்கும் சின்னக் கணிகருவிகள் பல எட்டு இலக்கத்தோடு நின்றுவிடும். அதில் 65,461,032 ஐ 5 ஆல் வகுத்தால் 13,092,206 என்று காட்டும். மீதியின்றி வகுபட்டதுபோலவே இருக்கும். உண்மையான விடை 13,092,206.4, அந்த 0.4 க்குத் திரையில் இடம் இல்லை, அவ்வளவுதான். கடைசி இலக்கம் 2 என்பதால் இந்த இடத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள். ஆனால் வேறோர் எண்ணில் ஏமாறலாம். ஆகவே ஈவு கிடைத்ததும் அதை வகுத்த எண்ணால் திரும்பப் பெருக்கிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். 13,092,206 × 5 = 65,461,030. இரண்டு குறைகிறது, பிழை அங்கேயே பிடிபட்டுவிடும்.

2. எண்ணைச் சரியாகப் பிரதி செய்தல்

காற்புள்ளியை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக இடுங்கள்: 65,461,032. இங்கே காணி விலை பேசும்போது இலட்சம், கோடி. வங்கிக் கடிதத்தில் மில்லியன். இரண்டுக்கும் பழகிய கை சிலவேளை 6,54,61,032 என்று எழுதிவிடும். எண் ஒன்றுதான்: ஆறு கோடியே ஐம்பத்து நான்கு இலட்சத்து அறுபத்தோராயிரத்து முப்பத்திரண்டு. ஆனால் ஐந்தாவது படியில் மூன்று மூன்றாகப் பிரித்தே ஆக வேண்டும். அதனால் இப்போதே அப்படி எழுதிவிடுங்கள்.

அடுத்து எண்ணுக்கு இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இலக்கங்களின் கூட்டுத்தொகை: 6 + 5 + 4 + 6 + 1 + 0 + 3 + 2 = 27.

இரண்டாவது, வலப்பக்கத்திலிருந்து மாறி மாறிக் கூட்டிக் கழித்த தொகை: 2 − 3 + 0 − 1 + 6 − 4 + 5 − 6 = −1.

ஒன்று போதாதா என்று கேட்பார்கள். போதாது. பிரதி செய்யும்போது அதிகம் நடக்கும் பிழை பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. 65,461,032 ஐ 65,416,032 என்று எழுதிவிட்டால் இலக்கங்களின் கூட்டுத்தொகை அதே 27 தான், அது காட்டிக்கொடுக்காது. இரண்டாவது அடையாளமோ −11 ஆகிவிடும். இந்தப் பிழையைப் பிடிக்காவிட்டால் விளைவு மோசம்: பிழையான எண்ணும் 8 ஆலும் 9 ஆலும் மீதியின்றி வகுபடும். எல்லாம் சரியாகப் போகிறது என்ற நம்பிக்கையோடு பக்கம் பக்கமாக வேறோர் எண்ணுக்குக் கணக்குச் செய்துகொண்டிருப்பீர்கள்.

3. இரண்டின் வலுக்கள்

கடைசி இலக்கம் இரட்டை. எனவே 2 ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்கள் 32. 4 ஆல் வகுபடும். கடைசி மூன்று 032. 8 ஆல் வகுபடும். 1,000 என்பது 8 ஆல் மீதியின்றி வகுபடுவதால் ஆயிரத்துக்கு மேலுள்ள பகுதியைப் பார்க்கத் தேவையில்லை. இதுதான் இந்தச் சோதனையின் காரணம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 032 ஐப் பார்த்ததும், "32 என்பது 2⁵ அல்லவா? அப்படியென்றால் 32 ஆலும் வகுபடும்" என்று எழுதுபவர்கள் உண்டு. 16 ஐச் சோதிக்க நான்கு இலக்கம் வேண்டும், ஏனென்றால் 1,000 ஆனது 16 ஆல் வகுபடாது. 10,000 தான் வகுபடும். நம் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 1032. அதை 16 ஆல் வகுத்தால் 64.5. ஆகவே 16 இல்லை, 32 உம் இல்லை.

65,461,032 ÷ 8 = 8,182,629

ஈவு ஒற்றை எண். இரண்டுடன் நமக்கு இருந்த வேலை முடிந்தது. இனி மேலே உள்ள எண்ணைத் தொட வேண்டாம். அடுத்த வகுத்தல் 8,182,629 மீதுதான். எப்போதும் கடைசியாகக் கிடைத்த ஈவை ஒரு பெட்டிக்குள் அடைத்து எழுதச் சொல்வேன். பெட்டிக்குள் இருப்பதை மட்டுமே வகுக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் குழப்பம் குறையும்.

4. மூன்று, பிறகு ஐந்து

இலக்கக் கூட்டுத்தொகை 27 என்று ஏற்கெனவே தெரியும். 27 ஆனது 9 ஆல் வகுபடுகிறது. எனவே எண்ணும் 9 ஆல் வகுபடும். 8 ஆல் வகுத்ததால் அந்தத் தன்மை போய்விடாது, ஏனெனில் 8 க்கும் 9 க்கும் பொதுக் காரணி கிடையாது.

8,182,629 ÷ 9 = 909,181

இந்த இடத்தில் இரண்டாவது குழி. "கூட்டுத்தொகை 27, ஆகவே 27 ஆலும் வகுபடும்." பார்த்த உடனே நம்பத் தோன்றும், ஆனால் பிழை. 10, 100, 1,000 எல்லாம் 9 ஆல் வகுக்கும்போது 1 மீதி தருகின்றன. அதனால்தான் இலக்கங்களை அப்படியே கூட்டினால் போதும் என்ற விதி 9 க்குப் பொருந்துகிறது. 27 ஆல் வகுத்தால் 10 க்கு மீதி 10, 100 க்கு மீதி 19. இலக்கங்களைக் கூட்டுவதற்கு அங்கே ஓர் அடிப்படையும் இல்லை.

சந்தேகம் இருந்தால் ஈவையே கேளுங்கள். 909,181 இன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. 3 ஆல் வகுபடாது. ஆக 3² உடன் நிறுத்த வேண்டும்.

ஐந்து இல்லை. கடைசி இலக்கம் சொல்லிவிட்டது.

5. ஏழு, பதினொன்று, பதின்மூன்று: மூன்றுக்கும் ஒரே சோதனை

7 க்குப் பாடசாலையில் சொல்லித்தரும் வழி, கடைசி இலக்கத்தை இரட்டித்து மிகுதியிலிருந்து கழிப்பது. மூன்று நான்கு இலக்கத்துக்கு அது சரிவரும். எட்டு இலக்கத்தில் திரும்பத் திரும்பக் கழித்துக் கை ஓய்ந்துவிடும், விடை 7 க்கு மட்டும்தான் கிடைக்கும். அதைவிட ஒரே கணக்கில் மூன்று முதன்மை எண்களையும் பார்த்துவிடலாம்.

7 × 11 × 13 = 1,001. ஆகவே 1,000 என்பது இந்த மூன்றில் எதனால் வகுத்தாலும் −1 போலவே நடந்துகொள்ளும். எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வலமிருந்து பிரித்து, தொகுதிகளை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் வரும் சிறிய எண்ணுக்கு என்ன விதியோ, பெரிய எண்ணுக்கும் அதுவே விதி.

032 − 461 + 065 = −364

கழித்தல் குறியைப் பொருட்படுத்த வேண்டாம். 364 = 7 × 52. 364 = 13 × 28. 11 ஆல் வகுத்தால் 33 முறை போய் 1 மிஞ்சும். எனவே 7 உண்டு, 13 உண்டு, 11 இல்லை. 11 இல்லை என்பதை இரண்டாம் படியில் எழுதிய −1 ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன.

இடப்பக்கத்திலிருந்து பிரிப்பதுதான் இங்கே பெரிய பிழை. 654, 610, 32 என்று பிரித்தால் 654 − 610 + 32 = 76 வரும். 76 ஐ 7 உம் வகுக்காது, 13 உம் வகுக்காது. இருக்கிற இரண்டு காரணிகளும் ஒரேயடியாகக் கை நழுவிவிடும்.

இப்போது பெட்டிக்குள் இருக்கும் ஈவுக்குத் திரும்புவோம்.

909,181 ÷ 7 = 129,883
129,883 ÷ 13 = 9,991

ஒரு முதன்மை எண்ணால் வகுத்தபின், அதே எண்ணால் மறுபடி வகுபடுமா என்று பார்க்காமல் நகரக் கூடாது. 129,883 ஐ 7 ஆல் வகுத்தால் மீதி 5. 9,991 ஐ 13 ஆல் வகுத்தால் மீதி 7. இரண்டும் ஒவ்வொரு முறைதான்.

6. 9,991: பொறுமை சோதிக்கப்படும் இடம்

இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். 17 ஆல் வகுக்கிறார்கள், மீதி 12. 19 ஆல், மீதி 16. 23 ஆல், மீதி 9. 29 ஆல், மீதி 15. 31 ஆல், மீதி 9. 37 ஆல் வகுக்கும்போது 37 × 270 = 9,990 என்று வந்து, ஒரே ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்றுடன் பலருக்குப் பொறுமை போய்விடும். "9,991 முதன்மை எண்" என்று கோடு போட்டு முடித்துவிடுவார்கள்.

எங்கே நிறுத்தலாம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 9,991 இரண்டு எண்களின் பெருக்கம் என்றால், அவை இரண்டும் 100 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியாது. இருந்தால் பெருக்கம் 10,000 க்குக் குறையாது. ஆகவே ஏதாவது ஒன்று 99 க்குள் இருந்தாக வேண்டும். 99 வரையுள்ள முதன்மை எண்கள் அனைத்தையும் பார்த்து, ஒன்றும் வகுக்கவில்லை என்றால் மட்டுமே அது முதன்மை எண். அதற்கு முன் நிறுத்தினால் ஊகம். அதற்கு மேலும் போனால் வீண்வேலை.

17 முதல் 97 வரை பார்க்க வேண்டியவை 19. மிகுதி மீதிகளையும் தருகிறேன், நீங்கள் செய்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்: 41 க்கு 28, 43 க்கு 15, 47 க்கு 27, 53 க்கு 27, 59 க்கு 20, 61 க்கு 48, 67 க்கு 8, 71 க்கு 51, 73 க்கு 63, 79 க்கு 37, 83 க்கு 31, 89 க்கு 23.

97 க்கு மீதி 0.

9,991 = 97 × 103

பட்டியலின் கடைசி எண்ணில்தான் கதவு திறக்கிறது. 89 இல் நிறுத்தியவரும் 23 இல் நிறுத்தியவரும் ஒரே அளவுக்குப் பிழைதான். 103 முதன்மை எண்ணா என்பதற்கு 2, 3, 5, 7 மட்டும் போதும், 11 × 11 = 121 ஆனது 103 ஐத் தாண்டிவிடுவதால். நான்கும் வகுக்கவில்லை.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. 9,991 உடன் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களைக் கூட்டிப் பாருங்கள். விடையும் வர்க்க எண்ணாக வந்தால் அதிர்ஷ்டம். 9,991 + 9 = 10,000 = 100². ஆகவே 9,991 = 100² − 3² = (100 − 3)(100 + 3). இரண்டு வரியில் முடிந்துவிட்டது. ஆனாலும் நான் நீண்ட வழியை முதலில் செய்ய வைத்த பிறகே இதைக் காட்டுவேன். இரண்டு காரணிகளும் ஒன்றுக்கொன்று கிட்ட இருந்தால்தான் இது விரைவாகப் பலிக்கும். நான்கு வர்க்கங்களைக் கூட்டிப் பார்த்துப் பலிக்காவிட்டால், அதை வைத்து முதன்மை எண் என்று சொல்லிவிட முடியாது. பட்டியலுக்குத்தான் திரும்ப வேண்டும்.

7. முடிவை எழுதிச் சரிபார்த்தல்

65,461,032 = 2³ × 3² × 7 × 13 × 97 × 103

திரும்பப் பெருக்கும்போது வந்த வழியே போக வேண்டாம். அதே பிழையை அதே இடத்தில் மறுபடி செய்யும் ஆபத்து உண்டு. வேறு விதமாகச் சேருங்கள். 8 × 9 = 72. 7 × 13 = 91. 72 × 91 = 6,552. இனி 6,552 × 9,991 ஐ, 65,520,000 இலிருந்து 6,552 × 9 = 58,968 ஐக் கழித்துப் பெறலாம்: 65,461,032. சரி.

இந்த ஒரு வரியைப் பக்கத்தின் மேலே பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பின் எண்ணையே பார்க்கத் தேவை இல்லை. இந்த வரி போதும்.

8. எத்தனை காரணிகள், அவை எவை

ஒரு காரணியை உருவாக்க 2 ஐ 0, 1, 2, 3 முறை எடுக்கலாம்: நான்கு வழி. 3 ஐ 0, 1, 2 முறை: மூன்று வழி. 7, 13, 97, 103 ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டிரண்டு வழி.

4 × 3 × 2 × 2 × 2 × 2 = 192

சுட்டிகளை (2³ இல் மேலே நிற்கும் 3 போன்றவற்றை; மேலே எதுவும் இல்லாவிட்டால் சுட்டி 1) அப்படியே பெருக்கி 3 × 2 × 1 × 1 × 1 × 1 = 6 என்று எழுதும் விடைகளைப் பார்த்திருக்கிறேன். "எடுக்காமல் விடுவது" என்பதும் ஒரு வழி என்பதை மறப்பதால் வருவது இது. ஒவ்வொரு சுட்டியுடனும் 1 கூட்டுவது அதற்காகத்தான்.

192 ஐயும் எழுத வேண்டி வந்தால் 1, 2, 3, 4 என்று ஏறிக்கொண்டு போகாதீர்கள். எங்காவது ஒன்று தவறிவிடும், எங்கே என்றும் தெரியாது. அடுக்கடுக்காகக் கட்டுங்கள். முதலில் 72 இன் பன்னிரண்டு காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 9, 12, 18, 24, 36, 72. இந்த வரிசையை 7 ஆல், 13 ஆல், 91 ஆல் பெருக்கி மேலும் மூன்று வரிசை எழுதினால் 48. அந்த 48 ஐயும் 97 ஆல், 103 ஆல், 9,991 ஆல் பெருக்கினால் மொத்தம் 192. ஒவ்வொரு வரிசையிலும் பன்னிரண்டு இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

காரணிகள் சோடி சோடியாக வரும்: 96 சோடிகள். வர்க்கமூலம் ஏறக்குறைய 8,090.8 என்பதால் ஒவ்வொரு சோடியிலும் ஒன்று 8,090 க்குள் இருக்கும். ஒன்றுக்கொன்று மிகக் கிட்டிய சோடி 8,034 × 8,148. முன்னது 78 × 103. பின்னது 84 × 97.

9. காரணிகளின் கூட்டுத்தொகை

192 எண்களைக் கூட்ட வேண்டாம். ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் அதன் வலுக்களைக் கூட்டி, பிறகு பெருக்கினால் போதும். அடைப்புகளைப் பெருக்கி விரித்தால் 192 காரணிகளும் தலா ஒரு முறை வெளியே வருவதே இதற்குக் காரணம்.

(1 + 2 + 4 + 8) = 15
(1 + 3 + 9) = 13
(1 + 7) = 8
(1 + 13) = 14
(1 + 97) = 98
(1 + 103) = 104

15 × 13 × 8 × 14 × 98 × 104 = 222,593,280

முதல் அடைப்பில் நடுவிலுள்ள 2 ஐயும் 4 ஐயும் விட்டுவிட்டு 1 + 8 = 9 என்று எழுதுவது வழமையான பிழை. விடை ஒன்பது இலக்கம் என்பதால் எட்டு இலக்கக் கணிகருவி கடைசிப் பெருக்கலில் பிழைக் குறி காட்டும். அதைக் கையால் செய்யுங்கள்.

இந்தத் தொகையில் எண்ணும் ஒரு காரணியாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 157,132,248. எண்ணைவிட இது பெரிது. இத்தகைய எண்களை மிகை எண் என்பார்கள். உண்மையில் கணக்குப் பார்க்காமலே இதைச் சொல்லியிருக்கலாம். 6 இன் மடங்கு எதுவாயினும் அதன் பாதி, மூன்றிலொன்று, ஆறிலொன்று ஆகிய மூன்றும் அதன் காரணிகள். மூன்றையும் கூட்டினால் அந்த எண்ணே வரும். எண் 6 ஐவிடப் பெரிதென்றால் 1 என்ற காரணி இன்னும் கூட்டப்படாமல் இருக்கிறது; தொகை எண்ணைத் தாண்டிவிடும்.

10. பொதுக் காரணி இல்லாதவை எத்தனை

1 முதல் 65,461,032 வரையுள்ள எண்களில், நம் எண்ணுடன் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? 2 இன் மடங்குகளை நீக்கினால் பாதி மிஞ்சும். 3 இன் மடங்குகளை நீக்கினால் அதில் மூன்றில் இரண்டு. இப்படியே ஒவ்வொரு முதன்மைக் காரணிக்கும் ஒரு முறை.

வகுத்தபின் பெருக்குங்கள், பெருக்கியபின் வகுக்க வேண்டாம். அப்படிச் செய்தால் எண் எட்டு இலக்கத்தைத் தாண்டாது.

65,461,032 ÷ 2 = 32,730,516
÷ 3 × 2 = 21,820,344
÷ 7 × 6 = 18,703,152
÷ 13 × 12 = 17,264,448
÷ 97 × 96 = 17,086,464
÷ 103 × 102 = 16,920,576

விடை 16,920,576. வகுத்தல் எதிலும் மீதி வரக் கூடாது. வந்தால் முந்தைய வரியில் பிழை. 2³ என்பதற்காக மூன்று முறை பாதியாக்குவது, 8 க்குப் பதில் 7 ஐப் பெருக்குவது ஆகிய இரண்டும் பிழை. 2 இன் மடங்குகளை ஒரு முறைதான் நீக்க முடியும்.

11. வர்க்க எண்ணாக்குதல்

8,090² = 65,448,100; 8,091² = 65,464,281. நம் எண் இடையில் நிற்கிறது. வர்க்க எண் அல்ல. காரணி வரியைப் பார்த்தாலே இது தெரியும்: சுட்டிகள் எல்லாம் இரட்டையாக இல்லை.

வர்க்க எண்ணாக்க ஆகச் சிறிய எந்த எண்ணால் பெருக்க வேண்டும்? ஒற்றைச் சுட்டியுள்ளவற்றை ஒவ்வொரு முறை எடுங்கள்: 2 × 7 × 13 × 97 × 103 = 1,818,362. பெருக்கினால் 10,910,172 இன் வர்க்கம் வரும். வகுத்தால் 36. இரண்டுக்கும் இதே எண்தான். 3 ஐயும் சேர்த்துவிடாதீர்கள். அதன் சுட்டி ஏற்கெனவே இரட்டை.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக இதை எழுத முடியாது. 4 ஆல் வகுக்க 3 மீதி தரும் முதன்மை எண் எதுவும் இரட்டைச் சுட்டியுடன் வந்தால்தான் அது இயலும். 7 உம் 103 உம் ஒவ்வொரு முறைதான் வருகின்றன.

12. துவித எண்ணாக எழுதுதல்

துவித எண் என்றால் 0, 1 ஆகிய இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் எண். 2 ஆல் திரும்பத் திரும்ப வகுத்தால் இருபத்தாறு வரி. 8 ஆல் வகுத்தால் ஒன்பது வரியில் முடியும். 8 என்பது 2³ என்பதால், பிறகு ஒவ்வொரு மீதியையும் மூன்று துவித இலக்கமாக விரித்துவிடலாம். மீதிகள் வரும் ஒழுங்கு: 0, 5, 4, 5, 5, 5, 1, 7, 3. இவற்றைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வந்த மீதிதான் ஒன்றினிடத்துக்கு உரியது: 371555450.

11 111 001 101 101 101 100 101 000

நடுவிலுள்ள 1 ஐ 001 என்று எழுதாமல் வெறும் 1 என்று எழுதினால் எண் முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். முதல் தொகுதிக்கு மட்டும்தான் முன்பூச்சியம் தேவையில்லை. கடைசியில் மூன்று பூச்சியம் நிற்கிறது. 2³ என்று மூன்றாம் படியில் கண்டது இங்கே ஒத்துப்போகிறது.

13. எண்ணைப் பெருக்கினால் எது மாறும்

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 11 ஆல் பெருக்கினால் 720,071,352. 11 புதிய முதன்மைக் காரணி. ஆகவே காரணிகளின் எண்ணிக்கை இரட்டித்து 384. கூட்டுத்தொகை 12 மடங்காகி 2,671,119,360. பத்தாம் படியின் விடை 10 மடங்காகி 169,205,760.

13 ஆல் பெருக்கினால் 850,993,416. இங்கேயும் 384 என்று எழுதிவிடுவார்கள். 13 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன் சுட்டி 1 இலிருந்து 2 ஆகிறது, வழிகள் இரண்டிலிருந்து மூன்றாகின்றன. 4 × 3 × 2 × 3 × 2 × 2 = 288. கூட்டுத்தொகையில் 14 இருந்த இடத்தில் 1 + 13 + 169 = 183 வரும்: மொத்தம் 2,909,612,160. பத்தாம் படியின் விடை 12 மடங்காகாது. நேராக 13 மடங்காகி 219,967,488 ஆகும், 13 இன் மடங்குகளை நீக்கும் வேலை முன்னரே ஒரு முறை முடிந்துவிட்டதால்.